பெருநாடிக்குக் கட்டுக் கட்டிய வரலாறு



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் வயல்நாட்டிலே, குளக்கட்டு என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த பிள்ளை இல்லை. மாரிகாலத்திலே கட்டின் ஓரிடம் நெகிழ்ந்து வெளிப்புறமாக வயிறு தள்ளி நிற்பதைக் கண்டால், வட்டை விதானையார் அன்றிரவு உறங்கமாட்டார். எவ்விடம் உடையும் என்பதை அவர் அறிவார். எந்நேரம் உடையும் என்பதை அறியார். 1957ஆம் ஆண்டு மார்கழிப் பெருவெள்ளத்திலே குளங்கள் உடைத்துப் பாய்ந்த கதையை மூத்தோர் வாயிலாகக் கேட்டவர்களுக்கு, இன்று நான் பேசப் புகும் நோயின் இயல்பை விளக்க அதிகம் சொற்கள் வேண்டா.

நம் உடம்பிலும் அத்தகைய கட்டு ஒன்று உண்டு. இதயத்தின் இடப்புறக் கீழறையிலிருந்து புறப்பட்டு, மேலெழுந்து வளைந்து, பின்னர் முள்ளந்தண்டை ஒட்டியே கீழிறங்கி, கொப்பூழின் அளவில் இரு கிளையாகப் பிரியும் பெருங்குழாயே பெருநாடி. தமிழகத்தார் இதனைப் பெருந்தமனி என்பர். வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் தளர்ந்து அது 3 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விரியுமாயின், அவ்விரிவை வைத்தியர்கள் அனியூரிசம் என்று அழைக்கின்றனர். விரிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் அதனைப் பெருநாடிப் புடைப்பு என்போம்.

குழாய் எவ்வளவு அகலுகின்றதோ, அவ்வளவுக்கு அதன் சுவரை இழுக்கும் விசையும் பெருகுகின்றது. விசை பெருகப் பெருகச் சுவர் மேலும் அகலுகின்றது. இதனால் புடைப்பு ஒருமுறை தோன்றினால் பெரும்பாலும் மீண்டும் சுருங்குவதில்லை. இதில் கொடுமை யாதெனில், பெருகும் காலமெல்லாம் அது வலியைத் தருவதில்லை. மனிதன் வயலுக்குப் போகின்றான், தோணி வலிக்கின்றான், சந்தைக்குப் போய்வருகின்றான். ஒருநாள் முதுகிலோ விலாவிலோ வயிற்றிலோ ஒரு வலி எழுகின்றது. வெடித்துவிட்டால் நோயாளரில் பாதிப்பேர் வைத்தியசாலைப் படியை மிதிப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றனர். படியேறியவர்களிலும் பலர் பிழைப்பதில்லை.

இந்நோய் புதியதன்று. சுசுருத சங்கிதை கூறும் சிராகிரந்தி என்னும் கட்டியை இதனோடு ஒப்பிட்டுப் பேசும் அறிஞர் உளர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அந்திலசு என்னும் கிரேக்க வைத்தியர், கை கால்களிலுள்ள நாடிப் புடைப்புக்கு ஒரு சிகிச்சை வகுத்தார். புடைப்புக்கு மேலும் கீழும் நாடியை நூலால் கட்டி, நடுவிலுள்ள பையைத் திறந்து வெறுமையாக்குவதே அம்முறை. அவருடைய நூல் அழிந்துபோயிற்று. பிறர் எடுத்தெழுதிய பகுதிகளால் மட்டுமே அவரை அறிகின்றோம். 1555ஆம் ஆண்டில் வெசாலியசு என்னும் உடற்கூற்று மேதை, உயிரோடிருந்த நோயாளி ஒருவரின் பெருநாடியில் புடைப்பு இருப்பதைக் கண்டு கூறினார். நோயாளி இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது அவர் கூற்று மெய்யாயிற்று. நோயைப் பெயர் சொல்லி அறிய முடிந்ததே தவிர, அதனைத் தொட எவராலும் முடியவில்லை.

1785ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் ஹன்ரர், முழங்காலின் பின்புறத்துப் புடைப்பொன்றுக்காகத் தொடையிலேயே நாடியைக் கட்டினார். நோயாளியான வண்டிக்காரருடைய கால் பிழைத்தது. சிறு நாடிகள் தம் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்ளும் என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது. அவருடைய மாணவராகிய அசிலி கூப்பர் 1817இல் துணிவின் எல்லைக்கே சென்று, வயிற்றுப் பெருநாடியையே நூலால் கட்டினார். 38 வயதுச் சுமைகூலி ஒருவர் அந்த நோயாளி. ஏறத்தாழ நாற்பது மணித்தியாலம் உயிரோடிருந்து அவர் இறந்தார். ஒரு பெருவாய்க்காலை அடைத்துவிட்டு, வயல்களுக்கு நீர் எங்ஙனம் போகும் என்று கேட்டால் அதற்கு விடை வேண்டுமன்றோ! அந்த விடை கிடைக்க இன்னும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. இடையில் புடைப்புக்குள்ளே கம்பியைச் சுருட்டி நுழைத்துக் குருதியை உறையச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1923இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரில் இருடோல்பு மாற்றசு என்பார் பெருநாடியைக் கட்டி நோயாளியைப் பிழைக்கச் செய்தார். அது ஒரு தனி வெற்றி, வழியாக மாறவில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டை நோக்கித் திரும்புவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியம் செய்ததோடு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை நேயர்கள் அறிவீர்கள். சத்திரவைத்தியத்தைக் கூறும் இரணவைத்தியம் 1867இலும், கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலே கற்பித்தமைக்கு அவர் சொன்ன காரணம் வரலாற்று மாணவன் மறக்கத்தகாதது. ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் செல்வர். தமிழில் கற்றவரே தம் ஊரில் தம் மக்களிடையே தங்குவர் என்பதே அக்காரணம். மொழிப்பற்று என்று நாம் கொண்டாடும் அவ்வேற்பாடு, உண்மையில் வைத்தியரைக் கிராமத்தில் நிறுத்தும் ஓர் உபாயமாகவும் இருந்தது. அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு கேள்வி. ஆனால் அவர் கண்ட சிக்கல் இன்றும் அப்படியே நிற்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்நாட்டு வைத்தியர் பலர் கடல் கடந்து சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம்.

கலைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அத்தகைய முயற்சிகளால் நம் பாடநூல்களிலே நாடியும் நாளமும் நிலைபெற்றன. ஆயினும் எங்கள் ஊரில் ஒருவரிடம் போய், உமக்குப் பெருநாடியில் புடைப்பு என்று சொன்னால், கைநாடி பார்க்கும் வைத்தியரையே அவர் நினைப்பார். முதுகுவலிக்கு வாய்வு என்ற பெயர் இருக்கின்றது. நெஞ்சுவலிக்கு மாரடைப்பு என்ற பெயர் இருக்கின்றது. இந்நோய்க்கு வீட்டு வழக்கில் ஒரு பெயர் இல்லை. பெயரில்லாத நோய்க்கு அஞ்சுவாரும் இல்லை.

இனி அந்த விடைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள், பாரிசு நகரிலே சார்ல்சு டுபோசு என்னும் சத்திரவைத்தியர், புடைத்த வயிற்றுப் பெருநாடியை வெட்டி நீக்கி, இறந்துபோன இளம்பெண் ஒருத்தியின் உடலிலிருந்து எடுத்துவைத்த பெருநாடித் துண்டை அவ்விடத்திலே தைத்தார். நோயாளி பல ஆண்டுகள் வாழ்ந்தார். வாய்க்காலை அடைக்காமல் புதுக்கட்டுக் கட்டலாம் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. ஆனால் இறந்தவரின் நாடி வேண்டிய அளவில் வேண்டியபோது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாளடைவில் அது தளர்ந்தது.

துணியால் நாடி செய்யலாம் என்ற எண்ணம் நியூயோர்க்கில் பிறந்தது. ஆர்தர் வூரீசு என்னும் இளம் வைத்தியர், நாயின் இதயத்துள் கிடந்த பட்டு நூலொன்றின்மேல் மெல்லிய பளபளப்பான சவ்வு படர்ந்திருக்கக் கண்டார். நூலின்மேல் படரும் சவ்வு நெய்த துணியின்மேலும் படரும் அன்றோ என்று எண்ணி, முதலில் பட்டுக் கைக்குட்டையையும், பின்னர் பரசூட்டுத் துணியையும் குழாயாகத் தைத்துப் பார்த்தார். அம்முயற்சியை அவரும் நண்பர்களும் 1952இல் வெளியிட்டனர். ஹூஸ்டன் நகரத்து மைக்கேல் டிபேக்கி ஒருநாள் கடைக்குச் சென்று நைலோன் கேட்டார் என்றும், அது தீர்ந்துபோனதால் கடைக்காரர் கொடுத்த டேக்ரோன் துணியை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்திலே குழாயாகத் தைத்தார் என்றும் அவரே பின்னாளில் கூறியிருக்கின்றார். தையற்கலையைச் சிறுவயதில் தாயிடம் கற்றவர் அவர். இன்றுவரை உலகெங்கும் பெருநாடிக்கு இடப்படும் செயற்கைக் குழாய்களில் அந்த டேக்ரோன் இடம்பெற்றிருக்கின்றது. நம் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் ஆண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் என்று பாடவேளையைப் பிரிக்கும் பள்ளிக்கூட அதிபர்களுக்கு இக்கதையை நான் சொல்வதுண்டு.

அக்காலத்தின் மிகப் பெரிய அறிவாளியும் இந்நோய்க்கே இரையானார். 1948 டிசெம்பரில் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த இருடோல்பு நிசன், அங்கே பெரியதொரு பெருநாடிப் புடைப்பைக் கண்டார். நிசனும் ஹிற்லரின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறியவரே. மாற்று நாடி வைக்கும் முறை பிறக்காத காலம் அது. ஆதலின் புடைப்பின் புறத்தே செலோபேன் என்னும் தாளைச் சுற்றினார். அத்தாள் தூண்டும் அழற்சியால் புடைப்பைச் சுற்றி உறுதியான திசு வளரும் என்பது நம்பிக்கை. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஐன்ஸ்டைன் வாழ்ந்தார். 1955 ஏப்பிரலில் புடைப்பு வெடித்தது. அப்போது மாற்று நாடிச் சிகிச்சை பிறந்துவிட்டது. வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்ய முன்வந்தனர். செயற்கையாக உயிரை நீட்டுவதில் தமக்கு விருப்பம் இல்லை, தம் பங்கைத் தாம் செய்தாயிற்று என்னும் கருத்துப்படக் கூறி, அவர் மறுத்துவிட்டார். ஏப்பிரல் 18ஆம் நாள் பிரின்சுற்றன் வைத்தியசாலையில் இறந்தார். அவருடைய வலி பித்தப்பை நோயின் வலியைப் போலவே தோன்றிற்று. உலகம் அறிந்த நோயாளி ஒருவரிடமே இந்நோய் இவ்வாறு வேடம் பூண்டதென்றால், நள்ளிரவில் முதுகுவலியோடு வரும் கமக்காரரிடம் அதனைச் சிறுநீரகக் கல் என்று ஒருவர் மயங்குவதில் வியப்பில்லை.

டிபேக்கியின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. தமது 97ஆம் வயதில், 2005ஆம் ஆண்டின் இறுதி நாளில், அவருக்கே பெருநாடிச் சுவர் கிழிந்தது. முதலில் அவர் சத்திரசிகிச்சையை விரும்பவில்லை. நிலைமை மோசமாகி நினைவு தப்பியபின், 2006 பெப்ரவரியில், வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழு கூடி ஆராய்ந்து, மனைவியின் வற்புறுத்தலும் சேர, அவர் வகுத்த முறையாலேயே அவர் காப்பாற்றப்பட்டார். 2008இல் தமது 99ஆம் வயதில் இறந்தார். ஐன்ஸ்டைன் மறுத்தார், மறுப்பு மதிக்கப்பட்டது; டிபேக்கி மறுத்தார், மறுப்பு மீறப்பட்டது, பிழைத்தபின் அவர் நன்றி கூறினார். இவ்விரண்டில் எது முறை என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். இருவருக்கும் ஒன்று மட்டும் பொது: தெரிவு செய்யும் உரிமையும் வசதியும் அவர்கள் எதிரே இருந்தன.

அடுத்த பெருந்திருப்பம், வயிற்றைத் திறவாமலே கட்டுக் கட்டும் முறை. தொடையிடுக்கிலுள்ள நாடி வழியாக மடித்த குழாயொன்றை உள்ளே செலுத்தி, புடைப்பின் உட்புறத்தில் விரித்து நிறுத்துவது அது. 1990 செப்தெம்பரில் ஆர்சென்ரீனா நாட்டு ஜுவான் பரோடி வயிற்றுப் பெருநாடியில் இதனைச் செய்தார். உலகம் அவரை அறிந்தது. ஆனால் 1987இலேயே உக்ரேனின் கார்க்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடொசு என்பார் நெஞ்சுப் பெருநாடியில் இத்தகைய குழாயை வைத்திருந்தார். அவர் உருசிய மொழியில் எழுதியமையால் மேனாட்டார் நெடுங்காலம் அதனை அறியவில்லை. தமிழில் எழுதினால் யார் படிப்பார் என்று கேட்கும் நம் இளைஞர் இதைக் கேட்டு இன்னும் சோர்வடையலாம். எனினும் வரலாறு வரலாறே.

இத்தனை வெற்றிக்குப் பின்னரும் தீராதவை எவை? முதலாவதாக, புடைப்பு வளர்வதைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து தடுக்குமென்று எதிர்பார்த்தனர். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் இப்புடைப்பு குறைவாகவும் மெதுவாகவும் வளர்வதைக் கண்டு, நீரிழிவு மருந்தாகிய மெற்போமினைச் சோதித்து வருகின்றனர். சர்க்கரை நோய்க்கும் ஒரு நல்ல குணம் இருக்கக்கூடும் என்பது நமக்குப் புதிய செய்தி!

அடுத்து, உள்வழிக் குழாயின் ஆயுள். பிரித்தானியாவில் நடந்த பேராய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், வயிற்றைத் திறந்தவர்களில் 100க்கு 4.7 பேராகவும், உள்வழிக் குழாய் பெற்றவர்களில் 1.7 பேராகவும் இருந்தனர். ஆனால் அதே நோயாளரைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, அந்த ஆதாயம் நாளடைவில் மறைந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் உள்வழிக் குழாய் பெற்றவர்களிடமே மரணம் மிகுந்தது என்று காட்டியது. குழாயின் ஓரங்களில் குருதி கசிவதும், புடைப்பு மீண்டும் வளர்வதும் காரணம். ஆகவே குழாய் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் ஸ்கான் செய்துகொண்டே இருத்தல் வேண்டும். பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுடைய நாடிகள் ஒடுங்கியவை. குழாய்கள் பெரும்பாலும் ஆண்களின் அளவை நோக்கிச் செய்யப்பட்டவை. 5.5 சென்ரிமீற்றர் வந்தபின் சத்திரசிகிச்சை என்னும் எல்லையும் ஆண்களை அதிகமாகக் கொண்ட ஆய்வுகளிலிருந்தே பிறந்தது.

மேனாட்டார் கண்ட எளிய வழி, வெடிக்குமுன் தேடிக் கண்டுபிடிப்பது. 65 முதல் 74 வயது வரையுள்ள 67,800 ஆண்களைக் கொண்டு நடத்திய பிரித்தானிய ஆய்வு, ஒருமுறை வயிற்றை ஸ்கான் செய்ய அழைத்தலே இந்நோயால் வரும் மரணத்தை நான்கு ஆண்டுகளில் 100க்கு 42 பங்கு குறைக்கும் என்று 2002இல் காட்டியது. 2009இல் தொடங்கிய திட்டம் 2013இல் இங்கிலாந்து முழுவதும் பரவியது. 65 வயதை எட்டும் ஆண் ஒவ்வொருவருக்கும் அழைப்புக் கடிதம் போகின்றது. நம்மிடம் அத்தகைய திட்டம் இல்லை. இதற்கு ஒரு நியாயமும் கூறப்படுகின்றது: பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய ஆண்களிடம் இப்புடைப்பு வெள்ளையரிடத்தை விடக் குறைவு. அது உண்மை. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதன்று. இளம் பெண்களின் பெருநாடியைத் தாக்கும் தகாயாசு அழற்சி ஆசியாவிலேயே அதிகம் காணப்படுவது. அதற்கு 65 வயது ஆண்களைத் தேடும் திட்டம் உதவாது.

எங்கள் குருக்கள்மடம் வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைக் கிராமம். எதிர்க்கரையில் அம்பிளாந்துறை. இவ்விரண்டையும் பாதை இணைக்கின்றது. வெளியூர் நேயர்களுக்கு ஒரு விளக்கம்: மட்டக்களப்பில் பாதை என்றால், ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரை மக்களின் அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 என்னும் இலவச அம்புலன்சுச் சேவையும் பின்னர் கிழக்குக்கு வந்தது. களுவாஞ்சிக்குடியில் ஆதார வைத்தியசாலை உண்டு; மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை உண்டு. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆனால் பெருநாடி வெடித்தவனுக்கு வேண்டியவை பல: நோயை ஐயுறும் கண், உடனே ஸ்கான், பல போத்தல் இரத்தம், நாடிச் சத்திரசிகிச்சையிலே கைதேர்ந்த நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில். இவ்வைந்தும் ஒரே இடத்தில், ஒரே இரவில், ஒரே வேளையில் அமைதல் வேண்டும். கொழும்பு மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. வெடித்த குழாய் அத்தூரம் காத்திருப்பதில்லை.

செலவையும் எண்ணுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது இந்நாட்டின் பெருமை. ஆனால் உள்வழிக் குழாய் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் பொருள். அதன் விலை பல இலட்சம் ரூபா. 2022 மார்ச்சு இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஓர் எளிய மயக்க மருந்துக்கே அந்நிலை வருமாயின், அரிய குழாய்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய நாட்டுக்கு, வயிற்றைத் திறந்து டேக்ரோன் தைக்கும் பழைய முறையிலே வல்ல கைகளைப் பேணுதல் இன்றியமையாதது என்பது என் எண்ணம். மேனாடுகளில் உள்வழி முறை பெருகியதால், இளம் வைத்தியர்களுக்குத் திறந்த முறையிலே பழக்கம் அருகி வருகின்றதென்று அந்நாட்டு நிபுணர்களே கவலைப்படுகின்றனர். அவர்களைப் பார்த்து நாமும் அதைக் கைவிட்டால், அவர்களிடம் குழாயாவது இருக்கும். நம்மிடம் இரண்டும் இரா.

எங்கள் பக்கத்திலே முதியவர் ஒருவர் விடியற்காலையில் திடீரென இறந்தால், மாரடைப்பு என்ற ஒரு சொல்லோடு துக்கம் விசாரித்து முடிகின்றது. அம்மரணங்களிலே பெருநாடிக்கு உரிய பங்கு ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத நோய்க்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பணம் ஒதுக்கப்படுவதும் இல்லை.

2011 முதல், நாட்டின் வைத்தியசாலைகள் பலவற்றிலே, நோயில்லாதவரும் போய் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளும் நிலையங்கள் நடைபெறுகின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் போகின்றனர். ஆண்கள் வெற்றிலைத் தட்டத்தோடு திண்ணையில் இருந்துவிடுகின்றனர். அறுபத்தைந்தைக் கடந்த, சுருட்டோ பீடியோ சிகரெட்டோ பல்லாண்டு புகைத்த ஆண்களே இப்புடைப்புக்கு முதல் இலக்கு. தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தவர்கள் அடுத்தவர்கள். இவர்களை மட்டும் தெரிந்தெடுத்து ஒருமுறை பார்த்தால் போதும். கருவுற்ற தாய்மாரைப் பார்க்கும் அதே ஸ்கான் கருவி பாட்டனாரின் பெருநாடியையும் காட்டும். ஊசியில்லை, வலியில்லை, பத்து நிமிட வேலை. பெரும்பாலோருக்கு ஒன்றும் இராது, வீட்டுக்கு வரலாம். யாரேனும் ஒருவருக்கு 4 சென்ரிமீற்றர் இருக்கலாம். அவருக்கு உடனே கத்தி வேண்டியதில்லை. அடுத்த ஸ்கானுக்கு ஒரு திகதி, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சட்டைப்பையிலுள்ள சுருட்டுக் கட்டை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகுமாறு ஒரு கண்டிப்பு, முதுகுவலி வந்தால் இந்தத் துண்டைக் காட்டு என்று அளவை எழுதிய ஒரு சீட்டு. இவற்றோடு அவர் பஸ் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கலாம்.